பனிப் பலகைக்குப் பூசை

1

நாங்கள் இருக்கும் ஊரில் மலைக்குத் திறப்பு விழா உண்டு. மலேசியாவின் கிள்ளானில் புதுத் துணிக்கடை திறப்பதைப்போல மலையையும் திறப்பார்களா என்று நீங்கள் சிரிப்பீர்கள். வந்த புதிதில் நானும் சிரித்தேன். கனடாவின் மேற்குப் பக்கம், ராக்கி மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது இந்தச் சின்ன ஊர். குளிர் தொடங்கிப் பனி ஓரளவு விழுந்ததும், ஊருக்கு மேலே இருக்கும் சறுக்கு மைதானத்தில் நாற்காலி லிஃப்டை ஓட விடுவார்கள். அதுதான் திறப்பு. கம்பியில் தொங்கும் நாற்காலியில் உட்கார்ந்து மேலே போக வேண்டும். காலில் பலகையைக் கட்டிக்கொண்டு கீழே சறுக்கி வர வேண்டும். மறுபடியும் மேலே போக வேண்டும். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்கு, இதற்காக மனிதர்கள் விடிவதற்கு முன் எழுந்து வரிசையில் நிற்பார்கள் என்பது முதலில் புத்திக்கு எட்டவில்லை. இப்போது அந்த வரிசையில் முன்னால் நிற்பவர்களில் நானும் ஒருவன்.

பருவத்தின் முதல் வாரத்துப் பனிக்கென்று ஒரு தனி ருசி உண்டு. விவரம் தெரிந்தவர்கள் ஜனவரி வரை பொறுத்திருப்பார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. நவம்பரில் மலை அரைகுறையாகத்தான் உடுத்தியிருக்கும். ஓரங்களில் புல் தெரியும். நடுவில் திடீரென்று ஒரு பாறை தலை நீட்டும். பாறை இருக்கும் இடத்தில் மூங்கில் கழி நட்டுக் கயிறு கட்டியிருப்பார்கள். இந்தக் குளிரில் மூங்கில் ஏது, நம் பக்கத்திலிருந்துதான் கப்பலேறி வந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன். பனி போதாத இடத்தில் பீரங்கி மாதிரி ஓர் இயந்திரம் தண்ணீரையும் காற்றையும் சேர்த்து ஊதிப் பனியாக்கிக் கொட்டும். எங்கள் குவார்ட்டர்ஸில் கொசுவுக்குப் புகை அடிக்க வருவார்களே, அதே இரைச்சல், அதே வெள்ளைப் புகை. அன்றைக்கு அந்தப் புகைக்குப் பின்னால் ஓடி அம்மாவிடம் உதை வாங்கியவன், இங்கே வாயைப் பிளந்துகொண்டு அதற்குள் புகுந்து போகிறேன். அதட்ட ஆளில்லை.

முதல் இறக்கத்தில் கால்களுக்கு எல்லாம் மறந்திருக்கும். கோடை முழுக்கச் சோம்பிக் கிடந்த முட்டிகள் முனகும். இரண்டு வளைவு திரும்பியதும் உடம்புக்கே ஞாபகம் வந்துவிடும். அப்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, ஐம்பதை நெருங்குகிற ஆள் வாய்விட்டுக் கத்தலாமா என்றெல்லாம் யோசிக்க விடாது. நான் கத்துவேன். தமிழில்தான் கத்துவேன்.

2

என் மனைவி சரோஜாவுக்கு இந்த மலை பிடிக்காது. கிள்ளானில் பிறந்தவள், இங்கே ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். மலையில் விழுந்து கை கால் உடைத்துக்கொண்டு வருகிறவர்களை எல்லாம் அவள்தான் பார்க்கிறாள், அல்லது அவர்களுடைய ரத்தத்தையாவது பார்க்கிறாள். அதனால் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் மகள் தேன்மொழி இங்கேயே பிறந்தவள். பெயரை முழுசாகச் சொல்ல இந்த ஊர் நாக்குக்கு வளையவில்லை. பள்ளியில் அவள் 'மோ'. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும் என்பதால், அவள் தமிழ் பேசினால் எனக்குக் கொஞ்சம் பயம். நான் இரண்டு காலுக்கும் தனித்தனிப் பலகை கட்டிச் சறுக்குகிற பழைய ரகம். அவள் ஸ்னோபோர்டுக்காரி: இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்று இறங்குகிற கூட்டம். இளசுகள் எல்லாம் இப்போது அதில்தான்.

கோடையில் பள்ளிப் படிப்பு முடிந்தது. செப்டம்பரில் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. ஒரு குளிர்காலம் இந்த மலையில் ஸ்னோபோர்டு சொல்லிக்கொடுக்கும் வேலை பார்க்கிறேன், படிப்பு அடுத்த வருடம் என்றாள். வீட்டில் அன்று சமையல் நடக்கவில்லை.

"விளையாட்டு ஒரு வேலையாங்க? எங்க அண்ணன் கேட்டா என்னா சொல்றது, மக பனியில சறுக்கிக்கிட்டுத் திரியிறான்னு சொல்லவா?" என்றாள் சரோஜா என்னிடம். மகள் பக்கத்திலேயே நின்றாள். அவளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் என்னிடம் சொல்வது சரோஜாவின் வழக்கம்.

அந்த அண்ணன்தான் என் மச்சான் முனியாண்டி. போர்ட் கிள்ளானில் லோரிகள் வைத்திருக்கிறார். துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிப் போகும் லோரிகள். சரோஜா தொலைபேசியில் அழுதாள். மச்சான் யோசிக்கவே இல்லை. "பிள்ளைய என்கிட்ட அனுப்பு. கே.எல்.லதான் இப்ப பிரைவேட் காலேஜ் நெறைய இருக்கே. என் வீட்டுல இருந்து படிக்கட்டும்" என்றார். தாய்மாமன் சொன்னால் சொன்னதுதான். தீபாவளி முடிந்ததும் நேரில் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. அவர் திரும்பும் விமானத்திலேயே தேன்மொழிக்கும் ஒரு டிக்கெட் போட்டாயிற்று.

மகள் நிபந்தனை வைத்தாள். திறப்பு நாளன்று பயிற்சியாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். தேர்வில் தோற்றால் வாயைத் திறக்காமல் மாமாவுடன் கிள்ளானுக்குப் போகிறேன். ஜெயித்தால் என்னை விட்டுவிட வேண்டும் என்றாள். சரோஜா சரி என்றாள். தோற்றுவிடுவாள் என்று அவளுக்கு நம்பிக்கை. எனக்கு எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை. கிள்ளானில் படித்தால் தமிழாவது பேசுவாளே என்று ஒரு மனம். இவள் இல்லாத வீட்டில் நானும் சரோஜாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே என்று இன்னொரு மனம்.

3

மச்சான் வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் நெடுநேரம் காத்திருந்தோம். அவர் பையில் இருந்த குங்குமப் பொட்டலத்தைச் சுங்க அதிகாரி பிரித்து, முகர்ந்து பார்த்து, தும்மியிருக்கிறார். "இது என்ன?" என்றதற்கு மச்சான், "ஃபார் காட், சார்" என்றாராம். அதிகாரி மேலிடத்தைக் கூப்பிட, மேலிடமும் வந்து தும்ம, கடைசியில் குங்குமம் தப்பியது. ஊறுகாய் மாட்டிக்கொண்டது.

வெளியே வந்தவர் என்னுடைய பழைய குளிர் அங்கியை மாட்டிக்கொண்டு, குரங்குத் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டார். "மாப்ளே, என்னா இது, ஐஸ் பெட்டிக்குள்ள வந்து குடித்தனம் நடத்துறீங்க?" என்றார். பிறகு மருமகளைப் பார்த்தார். மாமனை விட அரை அடி உயரமாக நின்றவளை அண்ணாந்து பார்த்து, "எம்மா, எங்க அம்மா சாடை அப்படியே இருக்கு" என்று கண் கலங்கினார். தேன்மொழி குனிந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அழைத்துப் போக வந்தவர் என்பதை இரண்டு பேருமே அந்த நேரம் மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

4

அவருடைய லோரிப் பூசையை நான் பார்த்திருக்கிறேன். புது லோரி வாங்கினால் முதலில் அது கோயிலுக்குத்தான் போகும். முன்னால் மாலை, கண்ணாடியில் விபூதிப் பட்டை, ஒவ்வொரு சக்கரத்துக்கும் சந்தனம் குங்குமம். பிறகு சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, வண்டி அதை நசுக்கிக்கொண்டு கிளம்பும். அது நடக்காமல் எவ்வளவு அவசரச் சரக்காக இருந்தாலும் லோரி நகராது. சரக்குக்குச் சொந்தக்காரர்களான சீனத் தவுக்கேமார்கள்கூட, "முனியாண்டி பூசை போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் சரக்கு ஏற்றச் சொல்வார்கள்.

தேன்மொழி கோடையில் கடையில் வேலை பார்த்துச் சேர்த்ததில் ஒரு புதுப் பலகை வாங்கி வைத்திருந்தாள். மச்சான் அதைக் கூடத்தில் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டார்.

"புதுசா? இதுலதான் பிள்ளை மலையில இருந்து எறங்கப் போகுதா?"

"ஆமா மச்சான்."

"பூசை போட்டாச்சா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை வருடமாக என் தங்கையை எப்படித்தான் வைத்திருக்கிறாய் என்கிற கேள்வி இருந்தது.

திறப்பு நாளன்று விடிகாலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதியுடன் அவர் பூசையில் இறங்கியபோது மற்றவர்கள் இன்னும் மாடியில் கிளம்பிக்கொண்டிருந்தோம். அவருக்கு எழுந்தது ஒரே ஒரு சந்தேகம்தான்: இந்த வண்டிக்குச் சக்கரம் எது? தரையைத் தொடுவது எதுவோ அதுதான் சக்கரம். பலகையைக் குப்புறப் போட்டு, அடிப்பக்கம் முழுக்கச் சந்தனம் பூசியிருக்கிறார். குங்குமம் பனியில் உதிர்ந்துவிடக் கூடாதே என்று நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து, ஒரு பொட்டுக்குப் பதில் வரிசையாக அப்பியிருக்கிறார். சூடம் காட்டி, பலகையை அதன் பைக்குள் போட்டு, ஜிப்பையும் இழுத்து விட்டார்.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வாசலில் நடந்த எலுமிச்சம்பழம் மட்டும்தான். "மிதிச்சிட்டுப் போம்மா" என்றார். தேன்மொழி கண்ணை உருட்டினாலும், தடித்த பூட்ஸால் ஒழுங்காக நசுக்கிவிட்டு வண்டியில் ஏறினாள்.

சறுக்குகிறவர்கள் பலகையின் அடியில் மெழுகு தேய்த்து, இஸ்திரிப் பெட்டியால் உருக்கி, கண்ணாடி மாதிரி வழித்து வைப்பார்கள். ஒரு தூசி ஒட்டினால்கூட வேகம் குறையும். இது மச்சானுக்கு எப்படித் தெரியும்?

5

சரோஜாவும் மச்சானும் அடிவாரத்து உணவகத்தின் வெளிப் பலகைத் தளத்தில், ஃபிளாஸ்க்கும், தேங்காய்ப் பால் சோறான நாசி லெமாக் பொட்டலங்களுமாக உட்கார்ந்துகொண்டார்கள். நல்ல வெயில், நல்ல குளிர். தேர்வுக்கு வந்த பிள்ளைகளோடு தேன்மொழி மேலே போய்விட்டாள். நான் வழக்கம்போல என் முதல் இறக்கத்தை முடித்து, இரண்டாம் தடவை லிஃப்டில் ஏறினேன்.

பாதி வழியில் கீழே பார்த்தேன். வெள்ளைப் பனியில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டின் முடிவில் என் மகள் குப்புறக் கிடந்தாள்.

அந்த நாற்காலியில் இருந்து குதிக்க முடியாது. நிறுத்தச் சொல்லவும் முடியாது. அது தன் பாட்டுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. நான் உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விழுந்தவர்களை மீட்கும் சிவப்புச் சட்டைக் காவலர் ஒருவர் அவளை நோக்கிப் பாய்வது தெரிந்தது. பிறகு மரங்கள் மறைத்துவிட்டன. சரோஜாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்தேன். அதற்கு மேல் என்னால் எதையும் நினைக்க முடியவில்லை. முருகா, முருகா என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

உச்சியில் இறங்கி, என் வாழ்நாளில் போகாத வேகத்தில் அவளிடம் வந்தேன். எழுந்து உட்கார்ந்திருந்தாள். காவலர் அவள் கையையும் காலையும் தொட்டு, "எங்கே ரத்தம் வருகிறது, சொல்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தேன்மொழி பலகையைக் கழற்றித் திருப்பினாள். அடிப்பக்கம் மாரியம்மன் கோயில் சூலம் மாதிரி இருந்தது. காவலர் விரலால் தொட்டு முகர்ந்தார். அவருக்கும் தும்மல் வந்தது.

பலகை பனியைப் பிடித்துக்கொண்டு நின்றதில், முதல் வளைவிலேயே அத்தனை பேர் முன்னாலும் விழுந்திருக்கிறாள். ஜேனட் என்கிற பெண்மணிதான் பயிற்சிப் பள்ளியின் தலைவி. "சுத்தம் செய்துகொண்டு மத்தியானம் வா. ஆனால் இடம் மிச்சம் இருக்குமென்று என்னால் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு போய்விட்டாராம்.

தேன்மொழி சறுக்கவில்லை. பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு மலை முழுக்க நடந்தே இறங்கினாள். நான் பின்னாலேயே வந்தேன். மச்சான் முன்னால் இருந்த மேசையில், நாசி லெமாக்குக்குப் பக்கத்தில், அதைக் குப்புற வைத்தாள்.

"மாமா, வேணும்னேதானே செஞ்சீங்க? நான் ஃபெயிலாகணும்னு? உங்ககூட வரணும்னு?"

சுத்தமான தமிழ். அவள் கண்ணில் நீர் நின்றது.

மச்சான் எழுந்தே விட்டார். "ஐயோ, என்னாம்மா சொல்ற? நீ விழக் கூடாதுன்னு தானேம்மா போட்டேன். என் லோரி ஒண்ணுக்காச்சும் நான் கெட்டது நெனச்சுப் பூசை போட்டிருக்கேனா? உங்கம்மாவக் கேளு." தங்கை பக்கம் திரும்பினார். சரோஜா எதிர்பார்த்தபடிதான் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

6

மச்சான் யாரையும் கேட்கவில்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு, "மாப்ளே, இதுக்கு ஒர்க்‌ஷாப் எங்க இருக்கு?" என்றார். பலகை பழுது பார்க்கும் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த இளைஞன் செய்து தருவதாகச் சொல்லியும் விடாமல், வழிக்கும் தகட்டைக் கையில் வாங்கி, தானே குங்குமத்தையும் எண்ணெயையும் வழித்தெடுத்தார். விழுந்ததில் பாறை கீறியிருந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். இளைஞன் மெழுகு உருக்கித் தேய்ப்பதைப் பக்கத்திலேயே நின்று கவனித்தார்.

பிறகு நேராக ஜேனட்டிடம் போனார். தேன்மொழி, "வேணாம் மாமா, ப்ளீஸ்" என்று பின்னால் ஓடினாள்.

"மேடம், மை மிஸ்டேக் லா. ஐ புட் தி பொட்டு. ஷி டோன்ட் நோ. யூ கிவ் ஒன் மோர் சான்ஸ், கேன்?"

ஜேனட்டுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். மீதியை நான் விளக்கினேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "சரி, இவள் நன்றாகச் சறுக்குவாளா?" என்று மச்சானையே கேட்டார்.

"ஐ டோன்ட் நோ, மேடம். ஐ நெவர் சீ. யூ சீ அண்ட் டெல் மீ."

ஜேனட் அவரை மேலும் கீழும் பார்த்தார். குரங்குத் தொப்பி, விபூதி, இடுப்புக்குக் கீழே தொங்கும் என் அங்கி. "நீங்கள் இதற்கு முன் பனியில் நின்றதுண்டா?"

"நெவர்."

"நல்லது" என்றார் ஜேனட், தேன்மொழி பக்கம் திரும்பி. "நன்றாகச் சறுக்கும் பிள்ளைகள் காலையிலேயே எனக்கு நிறையக் கிடைத்துவிட்டார்கள். சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள்தான் இல்லை. இவருக்குச் சொல்லிக்கொடு, நான் பார்க்கிறேன்."

வாடகைப் பூட்ஸுக்குள் மச்சானின் காலை நுழைக்கவே ஒரு பாடு பட்டோம். குழந்தைகள் பழகும் சின்னச் சரிவில் அவரை நிறுத்தி, தேன்மொழி எதிரே நின்று, அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். முதலில் ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தாள். மச்சான் விறைத்து நின்றார். அவள் நிறுத்தி, யோசித்து, மறுபடியும் ஆரம்பித்தாள்.

"மாமா, லோரி இறக்கத்துல போறப்ப என்ன செய்வீங்க?"

"கியரை எறக்குவேன். மெதுவா பிரேக்."

"பிரேக் இங்க, குதிகால்ல. பின்னால சாஞ்சு அழுத்துங்க. சடன் பிரேக் வேணாம்."

"ஸ்டீரிங்?"

"தோள்தான் ஸ்டீரிங். கீழ பாக்காதீங்க. ரோட்டப் பாப்பீங்களா, டயரப் பாப்பீங்களா?"

"ரோட்டத்தான்."

"அப்ப என்னப் பாருங்க. வாங்க."

அவள் பின்னோக்கி நடந்தாள். மச்சான் ஊர்ந்தார். விழுந்தார். எழுப்பினாள். எங்கே பிழை என்று சொன்னாள், கோபப்படாமல், சிரிக்காமல். மறுபடி விழுந்தார். "சூசா லா, மருமவளே, கஷ்டம்" என்றார் மூச்சு வாங்க. "போலே லா மாமா, போலே" என்றாள் அவள். முடியும் என்கிற அந்த மலாய்ச் சொல்லை எங்கே பிடித்தாள் என்று எனக்கே தெரியாது; நாங்கள் பேசிக் கேட்டதாகத்தான் இருக்கும். ஒரு கட்டத்தில் அவள் ஒரு கையை விட்டாள். பிறகு மறு கையையும் விட்டாள். மச்சான் "முருகா!" என்று அலறிக்கொண்டு ஒரு லோரி நீளத்துக்குத் தானாகவே சறுக்கிப் போய், கயிற்றுக்கு முன்னால், குதிகாலை அழுத்தி, நின்றார். விழாமல் நின்றார்.

சுற்றி இருந்த குழந்தைகள் கை தட்டினார்கள். தளத்திலிருந்து எப்போது இறங்கி வந்தாளோ, சரோஜா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜேனட்டுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. தேன்மொழியின் கையைக் குலுக்கி, திங்கட்கிழமை சீருடை வாங்கிக்கொள்ள வா என்றார்.

7

அன்று இரவுச் சாப்பாட்டில் யாரும் டிக்கெட்டைப் பற்றிப் பேசவில்லை. மச்சான் இடுப்புக்கு ஒரு தலையணை, முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேன்மொழி அவருக்குத் தைலம் தேய்த்துவிட்டுத் தூங்கப் போனாள். பிறகுதான் சரோஜா மெதுவாக ஆரம்பித்தாள்.

"அண்ணே, நீங்க என்னா சொல்றீங்க? நீங்க கூப்பிட்டா இன்னமும் வருவா."

"வருவா லா. ஆனா சரோ, லோரிக்குப் பூசை போடறது எதுக்கு? நம்ம ஷெட்டுல நிக்க வைக்கவா? ஓடறதுக்குத்தானே." முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நான் பூசை போட்டுட்டேன். இனிமே நீதான் பாத்துக்கணும்."

சரோஜா அவருடைய தலையணைகளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

திங்கட்கிழமை காலை, மகள் சீருடை வாங்கப் போயிருந்தாள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சரோஜா தானாகவே தொலைபேசியை எடுத்து டிக்கெட் ஏஜென்டைக் கூப்பிட்டாள். பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். இந்த நாட்டில் எங்கள் பெயர்களுக்கு அது விதி. தேதியை மாற்ற வேண்டுமா, ரத்து செய்ய வேண்டுமா என்று கேட்டிருப்பார்கள் போல. தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். மச்சான் தேநீரைக் குடிக்காமல் அவளையே பார்த்தார்.

"கேன்சல்" என்றாள்.

என்ன காரணம் என்று கேட்டார்களாக்கும். சரோஜா நிமிர்ந்து நின்றுகொண்டு, எதிரே ஆள் நிற்பதைப் போலச் சொன்னாள்:

"மை டாட்டர் இஸ் எ டீச்சர். ஷி ஹேஸ் ஒர்க் ஹியர்."

மறுமுனையில் இருந்தவர் ஏதோ நல்ல வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சரோஜா சிரித்துவிட்டு, "தேங்க் யூ" என்றாள்.